சாரத்துக்குள் ஒரு பை

கண்டியிலிருந்து வத்தேகம போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் வயதான இரண்டு பேர். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

“கத்தியே வேணாமாம் மச்சான். வெளியில இருந்து காதுக்குக் கேக்காத சத்தத்த அனுப்பியே உள்ளுக்குள்ள சுட்டுர்றாங்களாம்.”

“எத சுடுறாங்க?”

“புரொஸ்டேட்ட. எனக்கு அது வீங்கி ஒண்ணுக்கு அடைச்சிருச்சுல்ல? வெளிநாட்டுல இப்படிப் பண்ணிப் பாக்குறாங்கன்னு மகன் போன்ல சொன்னான். அது இங்கயும் வரட்டும்னுதான் ஒபரேசனத் தள்ளிப்போட்டேன். ஆஸ்பத்திரியில டியூப் போட்டு, மூத்திரப் பையத் தொடையில கட்டி அனுப்பிட்டாங்க.”

“அதுவும் நல்லதுதானே?”

“என்னா நல்லது? போன கிழம செக் பொயின்ட்டுல பஸ்ஸ நிப்பாட்டி எல்லாரையும் எறக்கினாங்க. ஆமிக்காரன் துவக்கோட வந்து என் இடுப்புல கட்டியிருந்த சாரத்தத் தடவினான். பை கையில பட்டதும் குண்டுன்னு நெனச்சு ‘போம்ப’ன்னு கத்திட்டான். சனமெல்லாம் ஓடிருச்சு. துவக்கு என் நெஞ்சுல.”

“ஐயோ! நீ என்னா செஞ்ச?”

“வாயில சிங்களமே வரல. நடுரோட்டுல சாரத்தத் தூக்கிக் காட்டினேன். ஓடின பொம்பளைங்க எல்லாம் திரும்பிப் பாக்குறாங்க மச்சான்.”

மற்றவர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்.

“அவன்?”

“டியூப்பப் பாத்துட்டு மொகத்தத் திருப்பிக்கிட்டான். போன்னு சொன்னான். சாரத்த எறக்கி விட்டுட்டு பஸ்ஸுல ஏறினேன்.”

பஸ் பாலத்தைக் கடந்தது.

“இன்னைக்கு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். அந்தச் சத்தம் வர்ற வரைக்கும் இந்தப் பையோட அலைய என்னால முடியாது, வெட்டிருங்கன்னு.”

“என்னைக்கு?”

“வியாழக்கிழம.”

மற்றவர் சொன்னார்: “நானும் வர்றேன். செக் பொயின்ட்டுல நான் முன்னால எறங்கி, பை இருக்குன்னு சொல்லிர்றேன்.”