ஏகாதசி ஒத்திகை

எனக்கு இனிப்பு அவ்வளவாகப் பிடிக்காது. வெலிங்டன் தீவில் நான் வேலை பார்க்கும் கப்பல் ஏஜென்சியில் யாருக்காவது குழந்தை பிறந்தால் லட்டு டப்பா என் மேசையை நிற்காமல் தாண்டிப் போகும். "துரைக்கு வேண்டா" என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். சாயாகூடச் சர்க்கரை போடாமல்தான் குடிப்பேன். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

முழுப் பெயர் இசக்கிதுரை. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொச்சி நகராட்சி வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது, படித்தது, இப்போது இருப்பது எல்லாம் மட்டாஞ்சேரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு கிட்டார் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் நான்கு பேர் பஜார் ரோட்டில் ஒரு பழைய கிடங்கின் மாடியில் கூடுவோம். கிடங்கு ஷீஜாவின் குடும்பத்துடையது. கீழே சுக்கு மூட்டைகள், மாடியில் நாங்கள், ஜன்னலுக்கு வெளியே காயல். ஷீஜா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அனூப் தோப்பும்படியில் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவன். நான்காமவர் வெங்கிடராமன் சார், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், வயதில் மூத்தவர், குழுவில் கடைசியாகச் சேர்ந்தவர். எங்களுக்கு வாத்தியார் கிடையாது. முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய இசையை, பரோக் என்பார்கள், நான்கு கிட்டார்களுக்குப் பிரித்து எழுதியதை எங்கிருந்தாவது எடுத்து, யூடியூபைப் பார்த்துப் பார்த்து நாங்களே கற்றுக்கொண்டோம். மற்றவர்கள் அந்த நேரத்தில் பிரியாணி தின்றுவிட்டுத் தூங்கினார்கள். யாருக்கும் தொந்தரவில்லாத பைத்தியம்.

எங்களிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, வாசிக்கும்போது யார் தவறினாலும் நிறுத்தக் கூடாது. தவறியவர் அடுத்த இடத்தில் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். நிறுத்தி நிறுத்தி வாசித்தால் ஆயுசுக்கும் ஒரு பாட்டு முடியாது என்பாள் ஷீஜா. இன்னொன்று, இந்த இசையில் ஒவ்வொரு பகுதியும் திரும்ப வரும். எத்தனை முறை திரும்புவது என்பதை அடிச்சுரம் வாசிப்பவர் முடிவு செய்வார். பகுதி முடியும் இடத்தில் அவர் தலையசைத்தால் மறுபடி முதலிலிருந்து. அசைக்காவிட்டால் அடுத்த பகுதி.

அடிச்சுரம் வாசிப்பவன் நான்தான். ஆரம்பத்திலிருந்தே நான்தான். எனக்குக் காது நன்றாக இருக்கிறது, தாளம் விலகாது, ஆகவே கீழே நின்று எல்லோரையும் தாங்கட்டும் என்று முடிவானது. மேல் வரிசைதான் பாட்டு. கேட்கிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது அதைத்தான். அடிச்சுரத்தை யாரும் முணுமுணுத்துக்கொண்டு போவதில்லை. அந்த மேல் வரிசையை நான் வீட்டில் தனியாக வாசித்துப் பழகி வைத்திருந்தேன். எப்போதாவது கேட்பார்கள் என்று நினைத்தேன். வெங்கிடராமன் சார் வந்தார். சின்ன வயதில் வயலின் கற்றவர். இடது கை விரல்களை எங்கே வைப்பது என்று நான்தான் அவருக்குக் காட்டிக்கொடுத்தேன். வருஷம் திரும்புவதற்குள் மேல் வரிசை அவரிடம் போய்விட்டது.

அவர் நல்ல மனிதர். இதை ஒப்புக்கொள்ளாமல் மேலே போக முடியாது. என் கிட்டாரின் பலகை ஈரத்தில் விரிந்தபோது தன்னுடையதைக் கொடுத்துவிட்டுப் பழைய ஒன்றை வைத்து வாசித்தார். "துரை, நீங்க கீழ இருக்கற தைரியத்துலதான் நான் மேல ஏறறேன்" என்பார். உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

அவருக்குச் சர்க்கரை. ஊசி போட்டுக்கொள்பவர். போட்டுவிட்டுச் சரியாகச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை சடாரென்று இறங்கிவிடும். மீனாக்ஷி மாமி, அவர் மனைவி, ஒவ்வொரு ஞாயிறும் கிட்டார் பெட்டியின் பக்கப் பையில் நாரங்கா மிட்டாய் வைத்து அனுப்புவாள். ஆரஞ்சுச் சுளை மாதிரி இருக்கும், பெட்டிக்கடையில் கண்ணாடி ஜாடியில் கிடக்குமே, அதுதான். அவருக்கு அது மருந்து; ஷீஜாவும் அனூப்பும் வெறும் சபலம் என்று நினைத்திருந்தார்கள். சர்க்கரை இறங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் அம்மாவுக்கும் அதே வியாதி. மேலுதட்டில் வேர்க்கும், கை நடுங்கும், பேச்சு கொஞ்சம் பிசகும், அப்புறம் ஆள் விழும். அம்மாவை நான் பலமுறை சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து மீட்டிருக்கிறேன். அந்தக் கையால்தான் இதையும் செய்தேன்.

ஃபோர்ட் கொச்சியில் ஒரு சின்ன மண்டபத்தில் கச்சேரி என்று முடிவாகியிருந்தது. எங்கள் முதல் கச்சேரி. கடைசி ஒத்திகை ஏகாதசியன்று வந்தது. சார் விரதம். ஊசி மட்டும் போட்டுக்கொண்டு, ஒரு பழமும் கொஞ்சம் பாலும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். "மீனா காலேலேந்து திட்டிண்டிருக்கா" என்று சிரித்தார்.

இடைவேளையில் எல்லோரும் கீழே சாயாக்கடைக்குப் போவார்கள். நான் மாடியில் இருந்து நான்கு கிட்டார்களுக்கும் சுருதி கூட்டுவேன். காயல் ஈரத்தில் தந்தி அரைமணி நேரம் ஒழுங்காக நிற்காது. அன்றும் கூட்டினேன். சாரின் பெட்டி திறந்திருந்தது. பக்கப் பையில் மிட்டாய் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. விரதம் என்பதால் மாமி கூட்டி வைத்திருக்கிறாள்.

நான் நினைத்தது இவ்வளவுதான்: கொஞ்சம் கை நடுங்கட்டும். மெதுவான பகுதியில் ஒரு நீண்ட சுரம் வரும், அதை அடுத்த சுரத்தோடு சேர்த்து வேகமாகத் துடிக்கவிட வேண்டும். "நம்ம கர்நாடக சங்கீதக் கம்பிதம் மாதிரிதான்" என்பார் சார். ஆனால் அது அவருக்கு இன்னும் விறைப்பாகத்தான் வந்துகொண்டிருந்தது. அன்று அந்த இடத்தில் அவர் தடுக்கினால், முதல் கச்சேரிக்கு முந்தைய ஒத்திகையில் தடுக்கினால், அவரே "துரை, இதை நீங்க வாசிங்கோ" என்று சொல்வார். சொல்லக்கூடியவர்தான். அப்புறம் ஒரு சாயாவில் சர்க்கரை போட்டுக் கொடுத்தால் தெளிந்துவிடுவார். இதில் யாருக்கு என்ன நஷ்டம்.

மிட்டாயை ஜன்னல் வழியே காயலில் எறிந்திருக்கலாம். யோசித்தேன். எறிந்தால் அது கெட்ட எண்ணம். தின்றால் வெறும் நாக்குச் சபலம், யார் கேட்டாலும் மன்னித்துவிடுவார்கள். ஆகவே தின்றேன். ஒவ்வொன்றாக, எல்லாவற்றையும். கவரை மட்டும் காயலில் போட்டேன்.

அவர்கள் மேலே வந்தார்கள். விரதமென்று சார் கீழே ஒன்றும் குடித்திருக்க மாட்டார். சாரின் மேலுதடு அப்போதே வேர்த்திருந்தது. உட்காரும் முன் பெட்டிப் பைக்குள் கைவிட்டுத் துழாவினார். வெறுங்கை வந்தது. "ஏகாதசியும் அதுவுமா, மீனா மறந்துட்டா போலிருக்கு" என்றார். கோபமில்லை, கொஞ்சம் வேடிக்கையாகத்தான் சொன்னார். "கீழ போய்ச் சக்கரை போட்டு ஒரு சாயா குடிச்சுட்டு வந்துடறேன்."

"ஒரு தடவை முழுசா வாசிச்சுட்டுப் போலாம் சார்" என்றேன். வாயை அதிகம் திறக்காமல்தான் சொன்னேன். "ஷீஜாவுக்கு நேரமாச்சு."

ஷீஜா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். அது போதும். பிறரைக் காக்கவைப்பது அவருக்குப் பிடிக்காத காரியம். உட்கார்ந்துவிட்டார்.

வேகமான பகுதியில் இரண்டு இடம் தவறினார். யாரும் நிறுத்தவில்லை, வழக்கம் அப்படி. கச்சேரி பயம் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். கிட்டார் வாசிக்கிறவர்களுக்குக் கை நடுங்கினால் பயம் என்ற ஒரே காரணம்தான் தோன்றும். பிறகு மெதுவான பகுதி. அந்த நீண்ட சுரம் வந்தது. நான் காத்திருந்தேன்.

அவர் தடுமாறவில்லை. நடுங்கிய விரல் தந்தியில் அப்படியே துடித்தது. இத்தனை மாதம் விறைத்துக் கிடந்த அந்தத் துடிப்பு அன்று நெருக்கமாக, மெல்லியதாக, பதறிப் பதறி வந்தது. அனூப் வாசித்துக்கொண்டே புருவம் உயர்த்தினான். "அடிபொளி, சாரே" என்றாள் ஷீஜா. சார் அவளைப் பார்த்துச் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கம் இழுத்தது.

பகுதி முடியும் இடம் வந்தது. மூவரும் என்னைப் பார்த்தார்கள். அசைக்காமல் இருந்தால் ஒரு சின்ன இறுதிப் பகுதியோடு முடிந்திருக்கும், கீழே போய்ச் சாயா குடித்திருப்பார்.

நான் தலையசைத்தேன்.

இரண்டாவது முறையும் தடுமாறவில்லை. இன்னும் நன்றாக இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கண் தாளைப் பார்க்கவில்லை, எங்கேயோ பார்த்தது. மறுபடி என்னைப் பார்த்தார்கள். மறுபடி அசைத்தேன். எப்போதாவது தவறித்தானே ஆக வேண்டும் என்று தோன்றியது. அதற்கப்புறமும் அசைத்தேன். எத்தனை முறை என்று அனூப் சொல்வது ஒரு கணக்கு, ஷீஜா சொல்வது ஒரு கணக்கு. சாரின் வாசிப்பில் மயங்கித்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன் என்று இருவரும் இன்றுவரை நம்புகிறார்கள்.

கிட்டார் முதலில் விழுந்தது, பிறகு அவர். ஷீஜா முகத்தில் தண்ணீர் அடித்தாள். "ஹார்ட்டாணு, ஹார்ட்" என்று அனூப் அவர் நெஞ்சைத் தேய்த்தான். "துரைச் சேட்டா, எந்தாணு, பறயூ" என்று என்னைக் கேட்டான். சர்க்கரை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கீழே கடையில் மூட்டை மூட்டையாகச் சர்க்கரை. ஆனால் என் நாக்கு முழுக்க ஆரஞ்சு நிறம். நாரங்கா மிட்டாய் தின்றவர்களுக்கு அது தெரியும், லேசில் போகாது. இனிப்பே தொடாத துரையின் வாய் ஏன் ஆரஞ்சாக இருக்கிறது என்று ஷீஜா கேட்டால் என்ன சொல்வது. நான் தெரியாது என்று தலையசைத்தேன். அன்று அதிகம் அசைத்துவிட்டேன்.

அனூப்பின் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு எர்ணாகுளம் போனோம். தோப்பும்படிப் பாலத்தில் நெரிசல். ஆஸ்பத்திரியில் சர்க்கரை ஏற்றினார்கள், உயிர் தப்பியது. மூளைக்கு அது கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்றார் டாக்டர். இப்போது வீட்டில் கட்டிலில் இருக்கிறார். கண் திறந்திருக்கும். வாயில் ஊற்றினால் விழுங்குவார். வலது கை விரல்கள் மட்டும் சில நேரம் போர்வைமேல் துடிக்கும்.

கச்சேரி தள்ளிப்போய் நடந்தது, அவர் பெயரில். அடிச்சுரத்துக்கு வேறொருவரைப் பிடித்தார்கள். மேல் வரிசையை நான் வாசித்தேன், அவருடைய கிட்டாரில். மாமி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நீண்ட சுரத்தில் எனக்கு விரல் விறைத்துவிட்டது. யாரும் நிறுத்தவில்லை.

குற்ற உணர்ச்சி இல்லாதவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள். சாப்பாடு இறங்குவதில்லை. ஞாயிறுதோறும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறேன். மாமி எனக்குச் சர்க்கரையில்லாத காப்பி கொடுப்பாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் போகிறேன். இதை எழுதுவதும் அதற்காகத்தான். ஷீஜாவும் அனூப்பும் மலையாளிகள். மாமி வீட்டில் தமிழ் பேசுவாளே தவிர எழுத்து மலையாளம்தான் வாசிப்பாள். எனக்கும் மலையாளத்தில் எழுதுவதுதான் சுலபம். இருந்தாலும் மனசில் உள்ளதைத் தாய்மொழியில்தானே எழுத முடியும்.

போன ஞாயிறு சொல்லியே விடுவதென்று போனேன். சாருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, மாமியே ஆரம்பித்தாள்.

"துரை, ஒண்ணு கேக்கட்டுமா. அன்னிக்கு நான் மிட்டாய் வெச்சேன்னுதான் எனக்கு ஓர்மை. ஏகாதசியாச்சேன்னு கொஞ்சம் கூடுதலாவே வெச்சேன். ஆனா இவர் நான் மறந்துட்டேன்னு சொன்னாராம், ஷீஜா சொன்னா. கடைசியாப் பேசினதே அதுதானாம். வெச்சேனா, வெச்சதா நெனச்சுக்கறேனா, எனக்கே தெரியலை. ராத்திரியெல்லாம் அந்தப் பையைத் தொறந்து தொறந்து பாக்கறேன். நீங்கதானே சுருதி கூட்டினேள். கண்டேளா?"

தெரியாமல் தவிப்பதுபோல ஒரு கொடுமை கிடையாது. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இல்ல மாமி" என்றேன். "நான் பாத்தேன். பையில ஒண்ணும் இருக்கல. நீங்க மறந்துதான் போயிருக்கீங்க."

மாமி வெகுநேரம் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, இனிமேல் வைத்தேனா இல்லையா என்று யோசிக்கவாவது வேண்டாம் என்றாள். அந்த வீட்டில் அவளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்.