டிக் போட்ட நான்கு பெட்டிகள்

ஸ்பார்க் பிளக் வாங்க வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விலையைத்தான் கேட்பார்கள். பத்தாவது ஆள் எந்தக் கம்பெனி என்று கேட்பார். வெப்ப எண் என்ன என்று கேட்டவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். ஆகவே, இன்ஸ்பெக்டர் சார், உங்கள் நிபுணருக்கு அது தெரியாமல் போனதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அவருடைய அறிக்கையை இரண்டு முறை படித்தேன். 'எட்டாம் எண் பிளக்குக்குப் பதிலாக, அதிக நெருப்பு தரக்கூடிய ஆறாம் எண் பிளக் தவறுதலாகப் பொருத்தப்பட்டிருந்தது' என்று எழுதி, முத்திரையும் குத்தியிருக்கிறார். ஆறு அதிக நெருப்பு தராது சார். எந்த எண்ணானாலும் பொறி ஒன்றுதான். பிளக்கின் நுனி தன்மேல் ஏறும் சூட்டை எவ்வளவு சீக்கிரம் இறக்கிவைக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. உள்ளே இருக்கும் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு மெதுவாக இறங்கும். குட்டையாக இருந்தால் சட்டென்று இறங்கும். நாங்கள் வாங்கும் கம்பெனியில் எண் கூடக் கூடப் பிளக் குளிர்ச்சி. இதைத் தெரிந்துகொள்ள நிபுணராக வேண்டியதில்லை. பெட்டியின் பின்பக்கம் அச்சடித்திருக்கிறது.

என் மனைவிக்கு இது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். அவள் இறந்து நாற்பத்தொரு நாள் ஆகிறது. மலைச்சாலை ஏற்றத்தில் ஒரு லாரியை முந்தும்போது இன்ஜின் செத்துப்போனது. முந்தவும் முடியவில்லை, பின்வாங்கவும் முடியவில்லை. எதிரே பஸ் வந்தது. இந்தப் பகுதியை உங்கள் நிபுணர் சரியாகவே எழுதியிருக்கிறார்.

பிளக்கை அவளே மாற்றிப் பொருத்திவிட்டாள் என்கிறது அறிக்கை. 'இல்லை, நான்தான் அலமாரியிலிருந்து மாற்றி எடுத்துக் கொடுத்தேன்' என்று நேற்று என் மாமனார் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறார். நாளைக் காலை அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார்கள். இரண்டுமே தவறு. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தேன். குற்ற உணர்ச்சி என்று எதையும் எழுதிவிடாதீர்கள். நான் நன்றாகத்தான் தூங்குகிறேன். கட்டிலில் அவள் பக்கம் காற்று நன்றாக வருகிறது. இப்போது அங்கேதான் படுக்கிறேன்.

பட்டறை மாமனாருடையது. டர்போ வைத்த கார்களை மட்டும்தான் பார்ப்போம். வெளியேறும் புகையால் ஒரு சின்னக் காற்றாடியைச் சுற்றவைத்து, இன்ஜினுக்குள் காற்றைத் திணிப்பதுதான் டர்போ. கம்பெனி திணித்து அனுப்பும் காற்று எங்கள் வாடிக்கையாளர்களுக்குப் போதாது. இன்னும் கொஞ்சம் திணிக்கச் சொல்வார்கள். காற்று கூடினால் பெட்ரோல் கூடும், சூடும் கூடும். அதற்கேற்பப் பிளக்கையும் ஓரிரு படி குளிர்ச்சியாக மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் பிளக்கின் நுனி கனன்றுபோய், பொறி விழுமுன்பே பெட்ரோலைப் பற்றவைத்துவிடும். இன்ஜினுக்குள் கடகடவென்று சத்தம் கேட்டால் அது ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். பிஸ்டன் அலுமினியம். ஓட்டை விழச் சில நிமிடம் போதும். அளவுக்கு மீறிக் குளிர்ச்சியாகப் போட்டால் கரி பிடித்து வண்டி திக்கித் திணறும். இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்ணைப் பிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு.

நான் இன்ஜினியரிங் படித்தவன். அந்த எண்ணைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பேன். அவள் பாலிடெக்னிக்கை இரண்டாம் வருஷத்தோடு விட்டவள். ஓடிய பிளக்கைக் கழற்றிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போவாள். பூதக்கண்ணாடியை வைத்துப் பீங்கானின் நிறத்தைப் பார்ப்பாள். "இதுக்கு மூச்சு முட்டுது. ஒரு நம்பர் ஏத்தணும்" என்பாள். அவ்வளவுதான் அவளுடைய விஞ்ஞானம். அவளை எல்லோரும் டாக்டரம்மா என்றார்கள். என்னை மாப்பிள்ளை என்றார்கள். அவர்களில் யாரும் எனக்குப் பெண் கொடுத்ததில்லை.

மருந்துக்கடைக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நொறுங்கிய கார் அவருடையது. ஊரில் பாதிப் பேருக்கு மாத்திரை எண்ணிக் கொடுக்கிற மனிதருக்குத் தன் காருக்கு மட்டும் அளவு தெரியாது. ஐந்து மாதங்களுக்கு முன் முதல் முறை வந்தார். அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். நான்தான் கணக்குப் போட்டேன். ஏழு வந்தது. ஏழைப் பொருத்தி அனுப்பினேன்.

பத்து நாளில் கார் உதறிக்கொண்டே திரும்பி வந்தது. அவள் ஒரு பிளக்கைக் கழற்றி வாசலுக்குப் போனாள். பீங்கானில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளிப் பொட்டுகள். பிஸ்டன் உருக ஆரம்பித்ததற்கு அடையாளம் அது. நான் நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது.

"என்ன டாக்டரம்மா, முகம் மாறுது? மாப்பிள்ளை பேப்பர்ல எழுதினதை என் பிஸ்டன் படிக்கலையா?"

அவள் பிளக்கை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

"கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணே. நீங்க எங்க பெட்ரோல் போட்டீங்க? பெட்ரோல் சரியில்ல."

"நெனச்சேன். அந்தப் பங்க்காரன் மூஞ்சியே சரியில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாப்பிடும்போது கேட்டேன்.

"எதுக்குப் பொய் சொன்ன?"

"புருஷனை விட்டுக்கொடுக்காம பேசினா அது பொய்யாங்க?" என்று எனக்கு இன்னொரு கரண்டி வைத்தாள். "ஏழு தப்புன்னு உங்களுக்கே தெரியும். அந்த ஆளுக்கு வேற தெரியணுமா?"

எனக்குத் தெரியாது சார். என் கணக்கில் ஏழுதான் வந்தது. நேற்றும் போட்டுப் பார்த்தேன், ஏழுதான் வருகிறது.

அத்தனை பேர் முன்னால் என்னை அவள் திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன். அவள் காப்பாற்றிவிட்டாள். காப்பாற்றப்பட்டவன் தினமும் மூன்று வேளை நன்றியோடு சாப்பிட்டாக வேண்டும். உங்களுக்குத் திருமணம் ஆகிவிட்டதா என்று எனக்குத் தெரியாது. ஆகியிருந்தால், அது எவ்வளவு கசப்பான சாப்பாடு என்று புரியும்.

யோசித்துப் பார்த்ததில் எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. அவளும் ஒரு தவறு செய்ய வேண்டும். அதை நான் ஊரறிய மூடி மறைக்க வேண்டும். அதோடு நாங்கள் சமம். அன்று என்ன பேசுவது என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தேன். 'வண்டியிலயே ஏதோ பழைய கோளாறு அண்ணே, அவமேல தப்பில்ல.' நல்ல கணவன் பேசும் பேச்சு. அதற்காக மூன்று மாதம் காத்திருந்தேன். அவள் ஒரு தவறும் செய்யவில்லை. இப்படி இருப்பதற்கு அடக்கம் என்று பெயர் சொல்வார்கள். எனக்கு அது திமிராகத்தான் பட்டது.

அவளால் தானாகத் தவறு செய்ய முடியவில்லை. ஆகவே நான் உதவினேன்.

மருந்துக்கடைக்காரர் மறுபடியும் வந்து, இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொன்னார். அவள் எட்டு என்றாள். நான்கு பெட்டிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் மார்க்கரால் ஒரு டிக் போட்டுவிட்டு, அவள் கையாலேயே பொருத்தினாள். பிளக்கை வேறு யாரையும் தொடவிட மாட்டாள். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவள் கைகழுவி, துணி மாற்றப் போனாள். எனக்குக் கால் மணி நேரம் கிடைத்தது. எட்டுகளைக் கழற்றி ஆறுகளைப் போட்டேன். ஏழு ஒருவேளை தாங்கிவிடும், அதனால்தான் ஆறு. மேலே மூடியை மாட்டிவிட்டால் எண் தெரியாது. அவளுடைய பெட்டிகளை எட்டுகளோடு தூர எறிந்துவிட்டு, ஆறாம் எண் பெட்டிகள் நான்கில் அதே மார்க்கரால் டிக் போட்டு அவள் மேஜையில் வைத்தேன். பொருத்திய விதத்தில் எந்தக் குறையும் இல்லை என்று உங்கள் நிபுணர் எழுதியிருக்கிறார். பிளக்கைப் பற்றி அவர் எழுதியதில் உருப்படியான வரி அது ஒன்றுதான்.

காற்றைக் கூட்டிய காரை அவள் மலைச்சாலையில் உச்சிவரை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். உச்சியில் நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் வாடிக்கையாளரிடம் கொடுப்பாள். பாதி ஏற்றத்தில் இன்ஜின் படுத்துவிடும், இழுவை வண்டியில் தலையைக் குனிந்துகொண்டு வருவாள் என்றுதான் நான் நினைத்தேன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். இழுவை வண்டிக்காரனுக்குப் பதிலாக உங்கள் ஆள் வந்தார்.

மாமனார் விஷயத்துக்கு வருகிறேன். அறிக்கை வந்த பிறகு அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். 'என் பொண்ணு ஆறு போட மாட்டா' என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். வருகிறவர் போகிறவர் எல்லாம் டாக்டரம்மாவுக்கும் கண் தப்பிவிட்டதே என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்கள். மூன்று மாதம் முன்பு அவள் வாயிலிருந்து வரும் எண்ணைக் கேட்கக் காத்துக்கிடந்த அதே கூட்டம். ஒருவருக்காவது சந்தேகம் வரவில்லை. என் மனைவியைத் தவறு என்று சொல்ல இவர்களுக்கு என்ன தகுதி இருக்கிறது?

நேற்றுக் காலை மாமனார் அவள் மேஜையைத் துடைத்தார். அந்த நான்கு பெட்டிகளையும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, அவ இடது கைக்காரி. அவ போடுற டிக் இந்தப் பக்கம் சாயாது."

அவர் பெட்டிகளைக் கிழித்து, அடுப்பைப் பற்றவைத்து, ஒவ்வொன்றாகப் போட்டார். சட்டையை மாட்டிக்கொண்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க மாமா?"

"ஸ்டேஷனுக்கு. நான்தான் மாத்திக் குடுத்தேன்னு சொல்லிடுறேன். அவ பேரும் கெட வேண்டாம், உங்களுக்கும் ஒண்ணும் வேண்டாம்."

"நான் கேட்டேனா?"

"அவ கடைசி வரைக்கும் உங்களை விட்டுக்கொடுக்கல. நான் மட்டும் எப்படிக் கொடுக்கிறது? அடுப்புல சாதம் இருக்கு, சாப்பிடுங்க."

பார்த்தீர்களா? அந்தக் குடும்பத்துக்கே இந்த வியாதி. அடுத்தவன் தவறைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கூடவே சாப்பாடும் போடுவார்கள். ஒரு முறை அதைச் சாப்பிட்டு எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அவர் உள்ளே இருக்க, வெளியே நான் வாழ்நாள் முழுக்க நன்றியோடு இருக்க வேண்டுமா? முடியாது. அவருடைய வாக்குமூலத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஆறைப் போட்டது நான். இந்த வேலையில் அவருக்கோ அவளுக்கோ பங்கில்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அன்று அவளிடமிருந்து எனக்கு வந்த போன். இரண்டு நிமிடம் பதினோரு விநாடி என்று முதல் நாளே என்னிடம் காட்டினீர்கள். சாயங்காலம் என்ன சமைக்கட்டும் என்று கேட்டதாகச் சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அவள் அதைக் கேட்கவில்லை. பாதி ஏற்றத்தில் காரை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் கூப்பிட்டாள்.

"ஏங்க, கோலிக்குண்டு உருட்டுற மாதிரி ஒரு சத்தம் வருது. நான் எட்டுதானே மாட்டினேன்?"

"எட்டுதான். டார்ச் பிடிச்சுக்கிட்டு நின்னேனே."

"எதுக்கும் ஆறவிட்டு ஒண்ணைக் கழட்டிப் பாத்துடட்டுமா?"

"நடுவழியில எதுக்கு? நேரா உச்சிக்குப் போய்ப் பாரு. ஒண்ணும் ஆகாது."

அவள் சிரித்தாள்.

"நானே மாட்டிட்டு உங்ககிட்ட கேக்குறேன் பாருங்க. சரி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பிளக் விஷயத்தில் அவள் என்னிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் போனை வைத்தேன். நான்கு நிமிடத்தில் அந்த லாரி.

சந்தேகம் வந்த பிறகும் கழற்றிப் பார்க்காமல் வண்டியை எடுத்தாள். அவள் செய்த ஒரே தவறு அது. அதை நான் மன்னித்துவிட்டேன் என்றும் எழுதிக்கொள்ளுங்கள்.