பெண்கள் பக்கத்துக்கு ஒரு லென்ஸ்

"இந்தப் புதுக் கேமராவைக் கடல்ல போடுங்க மச்சான்."

அந்தமானில், சாத்தமிலிருந்து பாம்பூஃப்ளாட் செல்லும் படகில், ஒரு மனைவி கணவனிடம் சொன்னது. இருவரும் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவர்கள். ஒட்டுக்கேட்பது தப்பு என்று தெரிந்தும் கேட்டேன்.

"சோனி இருட்டுலயும் பளிச்சுனு எடுக்கும், ஜீனத்."

"நம்ம லென்ஸெல்லாம் கேனான். இதுல மாட்டுமா?"

"அதுக்கு அடாப்டர் மெயின்லேண்ட்லேர்ந்து கப்பல்ல வருது."

"நிக்காஹ் இன்னைக்கு! இங்க எல்லா ஸ்டுடியோக்காரனும் ஏன் கேனான் வச்சிருக்கான்? அவசரத்துக்கு ஒருத்தர் லென்ஸை இன்னொருத்தர் வாங்கிக்கத்தான். என்னைக் கேட்காம நம்ம பழைய கேனான் கேமராவை வித்துட்டீங்க."

"அரே, கூட வந்த சின்ன லென்ஸ் இருக்குல்ல, அட்ஜஸ்ட் கரோ."

"அதுல பொண்ணு முகம் தெரியணும்னா அவ மடியிலதான் ஏறி உட்காரணும். பெண்கள் பக்கம் நீங்களா போய் எடுப்பீங்க?"

அவள் கேமராப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"லம்பா லைன் பக்கம் இருக்குற ஸ்டுடியோவுல கேமரா கேட்டேன். அவங்ககிட்ட வேலைக்கு வந்தா தர்றேன்னாங்க. சரின்னுட்டேன்."

"என்னைக் கேட்காமலா?"

"ஆமா. உங்களைக் கேட்காமதான்."

படகு நின்றது. கேமராப் பையை அவர் மடியில் வைத்துவிட்டு அவள் முதலில் இறங்கினாள். கரையில் காத்திருந்த ஒருவர் கேனான் என்று எழுதிய வேறொரு பையை நீட்டினார். வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.