ஒன்னே முக்கால் கிலோமீட்டர்

இல்லம்மா, ஆட்டோ வேண்டாம். நடந்தே போவோம். நீங்கதானே கேட்டீங்க, ஊரு, நகரம்னு ஆராய்ச்சி பண்றவங்க இனிமே எந்தத் திசையில போகணும்னு. அதுக்கு நாற்காலியில உக்காந்துகிட்டுப் பதில் சொன்னா சரியா வராது. கால்ல நல்ல செருப்புதானே? அப்ப வாங்க. மணி பார்த்துக்கோங்க, பதினொன்னு பத்து.

அதோ, ரயில்வே யார்டு செவுத்துக்கு மேல தெரியுதே வெள்ளைக் கட்டடம், அதான் பெரிய ஆஸ்பத்திரி. ஜன்னல்ல துணி காயுறதுகூடத் தெரியுது பாருங்க. பத்து நிமிஷமா? சரி, அப்படியே வெச்சுக்கோங்க. இந்தச் செவுரு இப்படியே வடக்க மூணு கிலோமீட்டர் போகும். அங்க ஒரு கேட்டு. கேட்டைத் தாண்டி, அந்தப் பக்கமா அதே மூணு கிலோமீட்டர் திரும்பி வரணும். நடுவுல ஏறிக் குதிச்சிடலாம்னா, எட்டடி உயரம், மேல கண்ணாடித் துண்டு. பார்த்து வாங்க, பஞ்சர் கடைக்காரரு தண்ணியைத் தெருவுலதான் ஊத்துவாரு.

நானா? திட்ட ஆபீசுல மேப்பு செக்ஷன், இருபத்தாறு வருஷம். நாலு பேரு இருந்தோம். என் சர்வீஸ் கடைசியில உங்கள மாதிரியே ஒரு புரொபசர் வந்தாரு. எந்தப் பேட்டைக்கு எந்தப் பிரசவ ஆஸ்பத்திரி போதும்னு ஆராய்ச்சி. ரெண்டு கிலோமீட்டருக்குள்ள பெருசு ஒன்னு இருந்தா, சின்னதை மூடிடலாம். நல்ல மனுஷன்தான், குத்தம் சொல்ல மாட்டேன். நாப்பது பேட்டையையும் ஒரே மாதிரி அளக்கணும்னு சொன்னாரு. பேட்டை நடுவுல ஒரு புள்ளி, ஆஸ்பத்திரியில ஒரு புள்ளி, ரெண்டையும் சேர்த்து ஒரு கோடு. காக்கா பறக்குற தூரம். காக்காவுக்கு எதுக்கும்மா பிரசவ ஆஸ்பத்திரி?

எங்க நாலு பேருல ஒருத்தன் இந்தப் பேட்டைக்காரன். இதே செவுத்தைச் சுத்தி, பஸ்ல ஐம்பது நிமிஷம் தொங்கிக்கிட்டு ஆபீசுக்கு வர்றவன். இந்தப் பேட்டை மேப்பு அவன் கைக்குத்தான் வந்துச்சு. ஸ்கேலை வெச்சான், ஒன்னே முக்கால்னு எழுதினான். எப்படி எழுத மனசு வந்துச்சுன்னு கேக்குறீங்க. நியாயம்தான். மேப்புல பார்க்கறப்ப இந்தச் செவுரு ஒரு மெல்லிசான கோடும்மா, ஸ்கேலு அதைத் தாண்டிப் போயிடும். வீட்டுல இருந்து ஆபீசுக்கு வர்றவன் ஒருத்தன், மேசையில உக்காந்து அளக்கறவன் வேற ஒருத்தன், அப்படி ஆகிப்போச்சு.

சொல்லியிருக்கலாமேன்னா, சொல்லியிருக்கலாம். ஒரு பேட்டைக்கு மட்டும் வேற மாதிரி அளந்தா அட்டவணை கெட்டுப்போகும்னு பயந்திருப்பான். நமக்கு எதுக்கு வம்புன்னும் இருந்திருப்பான். வேலை எவ்வளவு சுத்தம் பாருங்கன்னு புரொபசர் எல்லார் முன்னாடியும் பாராட்டினாரு. அன்னிக்கு அவனுக்குக் கால் தரையில இல்ல.

ஆறு மாசத்துல இங்க இருந்த சின்ன ஆஸ்பத்திரியை மூடிட்டாங்க. இதோ, இந்த மரச்சாமான் குடோன்தான். உள்ள போய்ப் பாருங்க, கட்டில் நம்பர் இன்னும் செவுத்துல இருக்கு.

வாங்க, நிக்காதீங்க. என் பொண்ணையும் இந்த வழியாத்தான் கொண்டுபோனோம். எங்க தெருவுலதான் குடித்தனம் இருந்தா. மாசம் நெருங்கிடுச்சு, திடீர்னு ரத்தம் போக ஆரம்பிச்சது, நிக்கவே இல்ல. ஆம்புலன்ஸ் கூப்பிட்ட உடனே வந்துச்சு. கேட்டுதான் மூடியிருந்துச்சு. சரக்கு வண்டி முன்னாடி போறதும் பின்னாடி வர்றதுமா பெட்டி மாத்திக்கிட்டிருந்தாங்க. முப்பத்தொரு நிமிஷம். ஆம்புலன்சுக்குள்ளயே குழந்தை பொறந்துச்சு. பேத்தி நல்லா இருக்கா, ஆறு வயசு, வாயாடி. என் பொண்ணு மட்டும் கேட்டைத் தாண்டல. எனக்கு இருந்தது அவ ஒருத்திதாம்மா.

கண்ணைத் தொடைங்க. நீங்க அழுது யாருக்கு என்ன ஆகப்போவுது, எழுதுங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் இன்னும் மூணு ஆஸ்பத்திரியை மூடப் போறாங்களாமே, உங்க அட்டவணை வந்ததும். கம்ப்யூட்டர் போட்டாலும் கோடு கோடுதான். மூணு இடத்துலயும் இறங்கி நடங்க, நிறைமாசக்காரி நடக்கற நடையில. ஒவ்வொரு கேட்டுலயும் நின்னு மணி பாருங்க. அதுக்கப்புறம் அந்த நம்பரை எழுதுங்க. எனக்குத் தெரிஞ்ச திசை அது ஒன்னுதான். அதுக்கு உங்க பாஷையில என்ன பேரு வேணா வெச்சுக்கோங்க.

என் பேரா? புஸ்தகத்துல நன்றின்னு போடவா? வேண்டாம்மா. மாப்பிள்ளை என்கூடத்தான் இருக்காரு, குழந்தைக்காக. எது அச்சுல வந்தாலும் ஒரு வரி விடாம படிக்கிற மனுஷன். ராத்திரி மூணு பேரும் ஒன்னாத்தான் சாப்பிட உக்காருவோம். சில நாள் அவருக்கு அவ ஞாபகம் வந்துடும். அந்த ஒன்னே முக்காலை எழுதினவன் கை விளங்காமப் போகணும்பாரு. நானும் ஆமா மாப்பிள்ளைன்னுட்டு, இந்தக் கையாலதான் அவருக்குச் சோறு போடுறேன்.