இரண்டு கோட்டுக்கு நடுவே எண்ணெய்

காரில் எண்ணெய் அளவு பார்ப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. வண்டி மேடு பள்ளம் இல்லாத தரையில் நிற்க வேண்டும். இஞ்சினை அணைத்துச் சற்று நேரம் விட வேண்டும். மேலே ஏறிய எண்ணெய் கீழே இறங்க வேண்டும் அல்லவா. பிறகு அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி, மறுபடி உருவிப் பார்க்க வேண்டும். கம்பியின் நுனியில் இரண்டு கோடுகள் இருக்கும். எண்ணெய் இரண்டுக்கும் நடுவே நின்றால் போதும். என் மாமா நஞ்சப்பன் இதைத் தினமும் காலையில் செய்தார். நான் பார்த்துச் சொன்ன பிறகு, அவர் ஒரு முறை பார்த்தார்.

போன முறை நீங்கள் விசாரித்தபோது, விபத்துக்கு முன்னால் மாமா எனக்குப் போன் செய்து என்ன பேசினார் என்று கேட்டீர்கள். மூலனூர்ச் சந்தையில் முருங்கைக்காய் சல்லிசாகக் கிடைக்கிறது, வாங்கி வரட்டுமா என்று கேட்டதாகச் சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். அது பொய். அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறேன். ஆனால் எடுத்த எடுப்பில் அதைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன்.

மாமா என்பவர் என் அக்கா மயிலாளின் வீட்டுக்காரர். நல்லூரில் அவர்கள் வீடு மாடியில்; கீழே நிட்டிங் யூனிட். நூலைப் பனியன் துணியாகப் பின்னும் வட்ட மெஷின்கள். எங்கள் அப்பா போன பிறகு என்னைக் கூட்டிவந்து சோறு போட்டு, தொழில் பழக்கி, யூனிட்டைப் பார்த்துக்கொள் என்று விட்டவர் அவர்தான். அவரைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் நானே சண்டைக்குப் போவேன். அவருக்கு ஒரே ஒரு பழக்கம்தான் இருந்தது. நான் எதைச் செய்தாலும் பின்னாலேயே வந்து சரிபார்ப்பார். நான் ஷெட்டைப் பூட்டினால் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். நான் எடை போட்ட துணி ரோலை மறுபடி தராசில் ஏற்றுவார். மெஷின் ஓட்டுகிற வடநாட்டு ஆட்கள்கூட அதைப் பார்த்துச் சிரிக்கப் பழகிவிட்டார்கள்.

“உன்னைய நம்பாம இல்ல மாப்ளே. ஒருக்காப் பாத்துக்கறது நல்லதுதான?” என்பார்.

நல்லதுதான். இதில் கோபப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது என் வேலையில் தப்பு கண்டுபிடித்திருந்தால் எனக்கு வருத்தம் இருந்திருக்காது. ஒன்றுகூட இல்லை. பூட்டு பூட்டித்தான் இருந்தது, எடை எடையாகத்தான் இருந்தது. அப்படியும் அவர் நிறுத்தவில்லை. அது என்னை அரித்தது. அவர் ஒரு தடவை தப்பாக இருக்க வேண்டும், அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. அவ்வளவுதான் ஆசை.

நிட்டிங் மெஷினில் ஊசிகளுக்கு எண்ணெய் கொண்டுபோக மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் இருக்கும். பழைய குழாய் ஒன்றை ஒரு பெரிய சிரிஞ்சில் மாட்டினேன். காரின் கம்பி போகிற துவாரத்தில் விட்டால் எண்ணெய் அலுங்காமல் மேலே வரும். ஒரு சாயங்காலம் கொஞ்சம் எடுத்து டப்பாவில் வைத்தேன். மறுநாள் காலையில் வழக்கம்போல் எண்ணெய் சரியாக இருக்கிறது என்றேன். மாமா கம்பியை உருவினார். கீழ்க் கோட்டுக்கும் கீழே நின்றது. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது, ஐயா. கடைசியில் என்னைப் பிடித்துவிட்டார். குளித்துவிட்டு வந்து ஊற்றிக்கொள்ளலாம் என்று போனார். அவர் குளிக்கும் நேரத்தில் டப்பாவில் இருந்ததைத் திரும்ப ஊற்றினேன். பிறகு அக்காவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, மறுபடி பாருங்கள் மாமா என்றேன். எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவே அழகாக நின்றது. அவர் கம்பியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அக்கா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. வயசானால் கண் அப்படித்தான், விடுங்கள் என்று மரியாதையாகச் சொன்னேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த நாள் அவர் பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை. பூட்டின் முன்னால் நின்று யோசித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

பிறகு சில நாள் குறைத்தேன், சில நாள் கூட்டினேன். மாமா சும்மா இருக்கவில்லை. ராபினின் ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டுபோனார். ராபின் தூத்துக்குடிக்காரர், பொறுமையானவர். வண்டி சரிவில் நின்றால் அளவு மாறும், இஞ்சின் சூட்டோடு பார்த்தால் குறைத்துக் காட்டும், துடைக்காமல் பார்த்தால் கூட்டிக் காட்டும், தினமும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி பாருங்கள் என்று விளக்கினார். எங்காவது ஒழுகுகிறதா என்று அடியில் படுத்தும் பார்த்தார். ஒழுகவில்லை. மாமா வீட்டுக்கு வந்து, சக்கரம் நிற்க வேண்டிய இடத்தில் சிமெண்டுத் தரையில் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டார். பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். கோடு கொஞ்சம் கோணுகிறது என்றுகூடச் சொன்னேன்.

கோடு போட்ட பிறகும் அளவு தினம் ஒரு மாதிரி இருந்தது. அப்போதுதான் அவருக்கு வண்டி மேல் இருந்த சந்தேகம் தன் மேலேயே திரும்பியது. நேற்றுச் சாப்பிட்டேனா என்று அக்காவைக் கேட்க ஆரம்பித்தார். துணி ரோலின் எடையை எழுதிவிட்டு, எழுதியது நான்தானா என்று கேட்டார். அதற்கெல்லாம் நான் ஒன்றும் செய்யவில்லை, ஐயா. நான் கை வைத்தது எண்ணெயில் மட்டும்தான். மற்றதெல்லாம் அவராகவே ஏற்படுத்திக்கொண்டது. அக்கா பயந்துபோய்க் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனாள். நானும் கூடப் போனேன். மாமா எண்ணெய் அளவில் குழம்புவதை டாக்டரிடம் முழுக்க எடுத்துச் சொன்னதும் நான்தான். மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் மாமா மத்தியானம் நன்றாகத் தூங்குவார். எனக்கு வேலை சுலபமாயிற்று.

ஒரு நாள் எடுத்து வைத்த எண்ணெய் டப்பா கைதவறிக் கொட்டிவிட்டது. அவர் தூங்கி எழுந்து மறுபடி கம்பியைப் பார்க்க வரும் நேரம். மெஷின் பக்கத்தில் ஊசிகளுக்கு விடுகிற நீடில் ஆயில் கேன் இருந்தது. தண்ணீர் போல மெல்லிசாக, வெளுப்பாக இருக்கும். கைக்கு எட்டியது அதுதான், அதை ஊற்றினேன். அது இஞ்சினுக்கு ஆகாது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பியில் அளவு சரியாகக் காட்டியது. அதன் பிறகு அந்தக் கேனே பழகிவிட்டது.

மாமா கம்பியை மூக்கருகே கொண்டுபோனது அந்த வாரம்தான். “மயிலா, இது நம்ம நீடில் ஆயில் வாசம்” என்றார். எனக்கு ஒரு நொடி உயிரே போய்விட்டது. பிறகு யோசனை வந்தது. உங்கள் கையை மோந்து பாருங்கள் மாமா என்றேன். நிட்டிங் யூனிட்டில் புழங்குகிற யார் கையில் அந்த வாசம் இல்லை? என் கையிலும் உண்டு, அக்கா கையிலும் உண்டு. அவர் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார். மோந்தார். மறுபடி கழுவினார். தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தார். அக்கா ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏனுங்க, தம்பி எதுக்குங்க பொய் சொல்றான்? போதும் விடுங்க” என்று அழுதாள்.

அவர் என்னைப் பார்த்தார். சந்தேகத்தோடு அல்ல, மன்னிப்புக் கேட்கிற மாதிரி. நான் குனிந்து தரையில் கிடந்த நூலைப் பொறுக்கினேன். அன்றே அவர் காலைப் பிடித்துச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன், என்ன பிரயோசனம்.

ராபினுக்கு மட்டும் பொறி தட்டியது. வேறு வேலையாக வண்டி அவரிடம் போனபோது எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்தவர், மாமாவை விட்டுவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “ஆயிலு தண்ணியாட்டம் கெடக்கு அண்ணாச்சி. என்னமோ கலந்துருக்கு. முழுசா மாத்துத வரைக்கும் வண்டிய எடுக்க வேண்டாம்னு மாமாகிட்ட சொல்லிருங்க” என்றார். சொல்கிறேன் என்றேன். மாமாவே எதையாவது ஊற்றிவிட்டு மறந்திருப்பார் என்றும் சொல்லி வைத்தேன். ராபின் உச்சுக் கொட்டினார். அவர் சொன்னதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. சொன்னால் மாமா பார்த்தது சரி என்று ஆகிவிடும் அல்லவா.

அதற்குச் சில நாள் கழித்து மாமா சாவியை என் கையில் கொடுத்தார். இனி வண்டியையும் பூட்டையும் நீயே பார்த்துக்கொள், நான் பார்த்துப் பார்த்துக் குழம்பியதுதான் மிச்சம் என்றார். நான் கேட்டது அதுதான், ஐயா. அது கிடைத்துவிட்டது. அதற்கு முந்தின நாள்தான் எண்ணெயை வழக்கத்தைவிட அதிகமாக எடுத்திருந்தேன். திரும்ப ஊற்றவில்லை. அவர் பார்க்கப்போவது இல்லை என்றான பிறகு, ஊற்றி யாருக்குக் காட்டுவது?

மூலனூரில் சொந்தத்தில் ஒரு சீர் விசேஷம். அக்காவுக்குக் காய்ச்சல், மாமா மட்டும் போவதாக இருந்தது. நீயே கூட்டிப்போய் வா கண்ணு என்றாள் அக்கா. அருள்புரத்துக்கு அன்று துணி போக வேண்டியிருந்தது. பழகின ரோடுதானே, மாமா மெதுவாகப் போய்வரட்டும் என்று சொல்லிச் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

“ஆயில் பாத்தயா மாப்ளே?” என்று கேட்டார்.

“பாத்துட்டேனுங்க மாமா. செரியா இருக்குதுங்க.”

பானட்டின் மேல் ஒரு கையை வைத்தவர், எடுத்துவிட்டார். திறக்கவில்லை. நான் சொன்னதை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டது அன்று ஒரு நாள்தான். எண்ணெயை எடுத்து வைத்தது எனக்கு மறந்துவிட்டதா என்று நீங்கள் கேட்பீர்கள். மறக்கவில்லை. போய்விட்டு வந்துவிடுவார், சாயங்காலம் ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது, குண்டடம் தாண்டி, ஓடிக்கொண்டிருந்த வண்டியில் இஞ்சின் இறுகி நின்றதும், பின்னால் நூல் லோடு ஏற்றிவந்த லாரி மோதியதும் உங்களுக்குத் தெரியும். இஞ்சினில் எண்ணெயே இல்லை, சொந்தக்காரரின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தீர்கள். உங்கள் மேல் தப்பில்லை. ஊரே அதைத்தான் சொல்லிற்று. துக்கத்துக்கு வந்தவர்களிடம் அக்காவும் அதையேதான் சொன்னாள். பாவம், மறதி வந்துருச்சுங்க, ஆயில் ஊத்தாமயே போயிட்டாருங்க என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டு சொன்னாள். செத்தவர் தலையிலேயே அதுவும் ஏறியது. அதைக் கேட்டுக்கொண்டே, வந்தவர்களுக்குக் காப்பி கொடுக்க என்னால் முடியவில்லை.

நேற்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிஞ்சையும் குழாயையும் கொண்டுபோய் மடியில் வைத்தேன். அவள் அவற்றைப் பார்க்கவே இல்லை. என் நெற்றியில் கை வைத்தாள்.

“நீயும் அவராட்டமே பேசறயே சாமி. மனசுல போட்டுக் கொழப்பிக்காத” என்றாள். பிறகு உள்ளே போய், மாமாவின் மாத்திரையில் மிச்சம் இருந்த அட்டையை எடுத்துவந்து, தண்ணீரும் கொடுத்தாள். நான் வாங்கிப் போட்டுக்கொண்டேன். அதனால்தான் இன்று வருவதற்கு இவ்வளவு நேரமாகிவிட்டது, தூங்கிவிட்டேன். நான் இதுவரை சொன்ன பொய்யை எல்லாம் நம்பினவள், இதை நம்ப மறுக்கிறாள். நீங்கள் வந்து சொன்னால் ஒருவேளை நம்புவாள்.

அவளிடமும் சொல்லாதது அந்தப் போன் பேச்சுதான். முருங்கைக்காய் இல்லை, ஐயா. மாமா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் பேசினார். இஞ்சினை அணைத்திருந்தார். அந்த இடத்தில் ஒரு டீக்கடை இருந்திருக்க வேண்டும். பாட்டுச் சத்தம் கேட்டது.

“மாப்ளே, ஆயில் வெளக்கு செவப்பா எரியறாப்பல இருக்குது. நெசமாலுமே எரியுதா, எனக்குத்தான் அப்பிடித் தெரியுதான்னு ஒண்ணும் பிடிபடல. எறங்கிக் கம்பிய உருவிப் பாக்கட்டுமா?”

அவர் இறங்கிப் பார்த்திருந்தால் அந்தக் கம்பி காய்ந்து வந்திருக்கும். அக்காவுக்கும் ராபினுக்கும் ஊருக்கும் போன் போயிருக்கும். அது எல்லாம் ஒரு நொடியில் எனக்குத் தோன்றியது. யோசிக்க நேரமில்லாமல் வாய் தவறிச் சொன்னேன் என்று நீங்கள் எழுத வேண்டாம். யோசித்துத்தான் சொன்னேன்.

“ஒண்ணும் பாக்க வேண்டாமுங்க மாமா. காலையில நான் பாத்தேனுங்க. உங்களுக்கு அப்பிடித் தெரியும். நீங்க பாட்டுக்கு வாங்க” என்றேன்.

“செரி மாப்ளே. என்ற கண்ணுக்கு உன்ற கண்ணு மேலு. நீ பாத்துட்டீன்னாச் செரி” என்றார். சாவியைத் திருப்புகிற சத்தம் கேட்டது. அவர் குரலில் அப்படி ஒரு நிம்மதி இருந்தது, ஐயா. ரொம்ப நாளைக்கப்புறம் வந்த நிம்மதி. அதைக் கொடுத்தவனும் நான்தான் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.