பம்புக் கையேட்டின் இறுதிப் பிரதி

அவையைத் தாங்கி அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! அகவையிலும் அன்பிலும் மூத்த பெரியோர்களே! முன்வரிசையில் கண்களைத் துடைத்துக்கொண்டிருக்கும், மணமக்களைப் பெற்ற தாய்மார்களே! அனைவரையும் வணங்குகிறேன்.

அங்கே ஒருவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அஞ்சாதீர்கள் ஐயா, ஒரே ஒரு கதைதான்.

இயந்திரங்களுக்குக் கையேடு தயாரிப்பது என் அலுவலகத்தின் தொழில். மணமகன் அங்கே பக்கங்களை வடிவமைப்பவர். மணமகள் பிழை திருத்த வந்தவர், அதுவும் ஒரு தண்ணீர் பம்புக் கையேட்டுக்கு மட்டும். கையேடு முடிந்தால் அவர் கிளம்ப வேண்டும். முடிந்ததா? முடியவிட்டால்தானே! பிடிஎஃப் கோப்பின் ஓரத்தில் அவர் ஒரு குறிப்பு எழுதுவார். இவர் பதில் எழுதுவார். பதிலுக்கு ஒரு பதில் வரும். பம்பில் தண்ணீர் வற்றினாலும் அந்த ஓரத்தில் பேச்சு வற்றவில்லை!

பொறுமையிழந்த நான் மணமகனிடம், "இன்னைக்கே ஃப்ளாட்டன் பண்ணி அனுப்பு" என்றேன். அது என்ன என்று கேட்கிறார் ஓர் அம்மா. கோப்பில் எழுத்து, படம், குறிப்பு எல்லாம் தனித்தனியாக இருக்கும் தாயே. எதையும் எடுக்கலாம், மாற்றலாம். ஃப்ளாட்டன் செய்தால் எல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். பிறகு யாரும் கைவைக்க முடியாது. அதனால் குறிப்புகளை அழித்த பிறகே அதைச் செய்வோம்.

தம்பி அழித்தார், ஒன்றைத் தவிர. இறுதிப் பிரதியை மணமகள் சரிபார்த்து அனுப்பினார். மதியம் பம்புத் தொழிற்சாலை முதலாளி எனக்குப் போன் செய்தார்.

"சார், வடிகட்டியைக் கழட்டிக் கழுவணும்னு போட்டிருக்கீங்க, சரி. பக்கத்துல 'நாளையிலிருந்து நீங்க வரமாட்டீங்க, என்னால தாங்க முடியல'ன்னு இருக்கே. இது எனக்கா, பம்புக்கா?"

சிரிக்கிறீர்கள்! நான் அன்று சிரிக்கவில்லை. எழுதியவர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். அவள் பார்ப்பதற்குள் அழித்துவிட நினைத்தாராம், அவசரத்தில் தவறிவிட்டதாம். பாவம், அந்தப் பிள்ளையின் காது மடல்கூடச் சிவந்திருந்தது. முதலாளியிடம் மன்னிப்புக் கேட்டு, வேறு பிரதி அனுப்புவதாகச் சொன்னேன். கோபம் மட்டும் அடங்கவில்லை. பையோடு புறப்பட்டுக்கொண்டிருந்த மணமகளை நிறுத்தினேன்.

"ஒரு புள்ளி பிசகினாலும் பிடிக்கிறவளாச்சே. இது கண்ணுல படலையாம்மா?"

"பட்டுச்சு சார்."

"அப்புறம் எப்படிச் சரின்னு அனுப்பின?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"திருத்த ஒண்ணும் இல்ல சார்."

அவையோரே! எத்தனை ஆயிரம் பிழை பிடித்த கண் அது! எத்தனை வரிகளை அடித்த கை அது! அந்தக் கண் ஒரு மனிதனின் மனத்தை முழுதாகப் படித்தது; அந்தக் கை அதில் ஒரு கோடுகூடப் போடவில்லை. இதைவிடப் பெரிய சம்மதம் உண்டா? இதைவிட உறுதியான கையொப்பம் உண்டா?

மணமக்களே, வாழ்வீர்கள். கேட்ட உங்கள் அனைவருக்கும் நெஞ்சம் நிறைந்த நன்றி, வணக்கம்.