கெமோகைனும் சந்திரகாந்தாவின் காலும்

என் கையெழுத்து அழகானது. மருந்து கொடுப்பவர்களில் இது அபூர்வம். ஆகவே, இன்ஸ்பெக்டர் றம்ஸீன் சேர், நீங்கள் எடுத்துப்போன நீல உறைக் கொப்பியை வாசிக்க உங்களுக்குச் சிரமம் இருந்திருக்காது. அதில் எழுதாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

எல்கடுவைக்கு மேலேயுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பத்தொன்பது வருடங்களாக டிஸ்பென்சரி என் பொறுப்பு. நான் மருத்துவ உதவியாளர்தான், டாக்டர் அல்ல. ஆனாலும் லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளர்கள் என்னை 'டாக்டர் ஐயா' என்பார்கள். அன்பாகக் கூப்பிடுகிறவர்களைத் திருத்துவது மரியாதையல்ல என்று விட்டுவிட்டேன்.

தம்புள்ளையில் ஒரு ஹோட்டலில் நடந்த ஒருநாள் பயிற்சியில்தான் கெமோகைனைப் பற்றிக் கேட்டேன். டாக்டர் மஸீஹா என்ற விரிவுரையாளர் பேசினார். காயம்பட்ட இடத்து உயிரணுக்கள் கெமோகைன் என்ற சின்னஞ்சிறு புரதத்தை வெளியே விடுகின்றன. காயத்துக்குக் கிட்டே அது அடர்த்தி, தள்ளிப்போகப் போகக் குறைவு. இரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்கள் அதை ஓர் அழைப்பாக எடுத்து, அந்த அடர்த்தியைப் பிடித்துக்கொண்டே, இரத்தக் குழாயின் சுவரை நெருக்கிக் கடந்து, காயத்துக்கு வந்து கிருமியோடு மோதுகின்றன. வீக்கம், சிவப்பு, சூடு, சீழ் எல்லாம் அவை வந்து சேர்ந்ததற்கு அடையாளம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடமும் அன்டிபயோட்டிக்கைக் கொடுத்து அந்தப் படையை அவமானப்படுத்தியிருக்கிறேன் என்று தோன்றியது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகும் ஓர் உரை இருந்தது. இந்த அழைப்பு எல்லை மீறினால் என்ன ஆகும் என்பது தலைப்பு. ஆனால் சான்றிதழைச் சாப்பாட்டோடு கொடுத்துவிட்டார்கள், மாத்தளை பஸ்ஸும் வந்துவிட்டது.

திரும்பி வந்து பெரட்டுக்களத்தில், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடியிருந்தவர்களிடம் விளக்கினேன்.

"சங்கு ஊதுனா நீங்க எல்லாம் பெரட்டுக்கு வர்றீங்கல்ல? அதே மாதிரி ஒடம்புக்குள்ளயும் ஒரு சங்கு ஊதுது. நாம மருந்தக் குடுத்துக் குறுக்க போகக் கூடாது."

தலையாட்டினார்கள். நான் அன்டிபயோட்டிக் அலுமாரியைப் பூட்டிவிட்டு, மருந்தில்லாமல் காயம் ஆறுவதைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத அந்த நீலக் கொப்பியைத் தொடங்கினேன். நாலு மாதத்தில் தோட்டத்து மருந்துப் பட்டியல் பாதியாகச் சுருங்கியது. தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை மகிழ்ந்துபோய் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார். அதில் 'சிரந்த டிஸ்பென்சரி' என்று எழுத்துப் பிழையோடு பொறித்திருந்தது.

மே மாதம் என் கடைவாய்ப் பல் வீங்கியது. மாத்தளைக்குப் போய் ஏழு நாள் அன்டிபயோட்டிக் எடுத்தேன். ஆராய்ச்சி என்றால் ஒப்பிட்டுப் பார்க்க மருந்தெடுத்த ஆள் ஒருவரும் வேண்டும். வேறு யாரையும் அந்தச் சிரமத்துக்கு ஆளாக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் பதினோராம் திகதி, செவ்வாய்க்கிழமை, சந்திரகாந்தா வந்தார். கொழுந்து பறிப்பவர், வயது முப்பத்தெட்டு. செடிகளைத் தறித்துக் கவ்வாத்து வெட்டிய மலையில் கூரான தேயிலைக் கட்டை ஒன்று அவர் கணுக்காலைக் கிழித்திருந்தது. சீனி வருத்தம் இல்லை, பிரஷர் இல்லை, வேறு மருந்தெதுவும் எடுப்பதில்லை. இவ்வளவு சுத்தமான ஒருவருக்காகத்தான் நான் காத்திருந்தேன். காயத்தைக் கழுவிக் கட்டி, கொப்பியில் புதுப் பக்கம் திறந்தேன்.

புதன் காலை கால் வீங்கியது. சிவப்பு முடிகிற இடத்தில் பேனையால் கோடு போட்டேன். மாலைக்குள் அது கோட்டைத் தாண்டி மூன்று விரல் ஏறிவிட்டது. வியாழன் பகல் முழங்காலுக்கு வந்தது. அவருடைய கணவர் யோகேந்திரன் லயத்து வாசலில் என்னை மறித்தார்.

"லொறிக்கு ஒரு துண்டு குடுங்க ஐயா. மாத்தளைக்குக் கொண்டு போயிர்றேன்."

நான் துண்டு எழுதாமல் தோட்டத்து லொறி நோயாளியை ஏற்றாது.

"அங்க போனா காலை எடுத்துருவாங்க," என்றேன். அது பொய். "இது நல்ல வீக்கம். ஒடம்பு ஆளக் கூப்பிடுது."

"ஒடம்பு கூப்பிடுறது ஒங்களுக்குக் கேக்குது. நாங்க கூப்பிடுறது கேக்கலீங்களா?"

படிக்காதவர்களிடமிருந்து சில நேரம் நல்ல வாக்கியங்கள் வரும். என் கட்டுரையின் தொடக்கத்தில் போடலாம் என்று அதைக் குறித்துக்கொண்டேன்.

உள்ளே படுத்திருந்த சந்திரகாந்தா தலையைத் தூக்கினார். "ஐயாவ ஏசாதீங்க. அவரு நம்ம நல்லதுக்குத்தான் சொல்றாரு," என்றார்.

அன்று மாலை டாக்டர் மஸீஹாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எந்தச் சிவலிங்கம் என்று கேட்டார். இரண்டு தடவை சொல்லியும் அவருக்கு என்னை நினைவு வரவில்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. காலைப் பற்றிச் சொன்னதும் அவர் குரல் மாறியது.

"இப்பவே அன்டிபயோட்டிக்கைத் தொடங்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. கிருமி இரத்தத்துல ஏறினா கெமோகைன் எல்லாப் பக்கத்தாலயும் கூப்பிடும். வெள்ளணுக்களுக்குப் போற வழி தெரியாது. நல்ல உறுப்பையே கெடுத்துப் போடும். விளங்குதா?"

விளங்குகிறது என்றேன். நன்றியும் சொன்னேன்.

வெள்ளி காலை சந்திரகாந்தாவுக்கு நடுக்கம் வந்தது. பிறகு கை குளிர்ந்தது, மூச்சு வேகமாயிற்று. என்னைத் தன் அண்ணன் என்று நினைத்து, எப்போது வந்தாய், சாப்பிட்டாயா என்று விசாரித்தார். நேரத்தோடு குறித்திருக்கிறேன். யோகேந்திரன் என்னிடம் எதுவும் கேட்காமல் ஒரு முச்சக்கரவண்டியைக் கொண்டுவந்து மனைவியைத் தூக்கி ஏற்றினார். மலை இறங்கும் வளைவுகளில், அவர் மடியிலேயே சந்திரகாந்தாவின் மூச்சு நின்றுவிட்டது.

அலுமாரியில் மருந்து இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. சாவி என் சட்டைப் பையில் இருந்தது. வியாழன் மாலை கொடுத்து அனுப்பியிருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் கொப்பியில் அந்தப் பக்கம் கெட்டுப்போயிருக்கும். இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் உங்கள் அறிக்கையில் 'நோயாளியைக் கவனிக்காமல் விட்டார்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். மூன்று நாளில் பதினொரு தடவை அந்த லயத்துக்கு ஏறிப் போயிருக்கிறேன். இந்தத் தோட்டத்தில் ஒருவரை இன்னொருவர் இவ்வளவு நன்றாகக் கவனித்ததே இல்லை.